எல்லைப் பலகையும் ஒரு நீல பி.எம்.டபிள்யூவும்

மெல்ல விடு, இன்னும் மெல்ல, என்று குகநேசன் தன்னுடைய இடது கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் முப்பது வருடம் உருளைக்கிழங்கு உரித்த கை அது, கொதிநீரும் பனிக்கட்டியும் ஒன்றுதான் என்றாகிவிட்ட கை. இப்போது கிளச்சைப் பிடித்த பிடியை விடமாட்டேன் என்று அடம்பிடித்தது, பிறகு விட்டது, விட்டதும் இருநூற்றுச் சொச்சம் கிலோ இரும்பு அவருக்குக் கீழே ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு முன்னே நகர்ந்தது. விழவில்லை. கேற்றடியில் விழவில்லை, வண்டியை விற்ற அந்த மனுசி பார்த்துக்கொண்டு நிற்க விழவில்லை, அது போதும், இனி எங்கே விழுந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணமும், இல்லை, எங்கேயும் விழக்கூடாது, விழுந்தால் வீட்டில் மனைவி சறோ என்ன சொல்லுவாள் என்று அடுத்த கணமும் நினைத்தார். கண்ணாடியில் பார்த்தார். திருமதி பிரிங்மன் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் தன்னுடையதாக இருந்த மோட்டார் சைக்கிள் வாசலைத் தாண்டிப் போகிறது, அவளோ குனிந்து பூச்செடிக்குள் களை பிடுங்கத் தொடங்கிவிட்டாள். அல்லது பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் குனிந்தாளோ. இரண்டாவது கியர் காலடியில் டொக்கென்று விழுந்தது. "என்ரை" என்று சொல்லிப் பார்த்தார், வாய்விட்டு, "என்ரை மோட்டச்சைக்கிள்". ஹெல்மெற்றுக்குள் சொன்ன சொல் வெளியே போக வழியில்லாமல் அவருடைய காதுக்கே திரும்பி வந்தது, யாரோ வேறொருவர் சொல்லி அவர் கேட்டதுபோல இருந்தது. இன்னொருமுறை சொன்னார்.

கடும் நீல நிறம். பி.எம்.டபிள்யூ ஆர்-எண்பது, முன்னால் நெஞ்சுயரக் கண்ணாடியும் முழங்காலை மறைக்கும் அகன்ற கவசமும் வைத்தது, தூரப் பயணத்துக்கென்றே கட்டியது. இரண்டு சிலிண்டரும் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, கூட்டத்துக்குள் முழங்கையை அகட்டி இடம் பிடிக்கிற ஆளைப்போல. நிற்கும்போது அக்சிலேற்றரை முறுக்கினால் வண்டி முழுவதும் வலப்பக்கம் ஒரு ஆட்டம் ஆடும், இது குறையில்லை, இதன் சுபாவம் என்று மனுசி சொல்லியிருந்தாள். இலக்கத் தகட்டின் கடைசியில் ஒரு எச். முப்பது வயது கடந்து இன்னும் ஒழுங்காக ஓடுகிற வண்டிகளுக்கு இந்த ஜெர்மனி கொடுக்கிற மரியாதை எழுத்து. முப்பது வருடம் ஓடினால் இரும்புக்கு ஒரு எழுத்து கொடுக்கிறார்கள், நானும் இங்கே நாற்பது வருடமாக ஓடுகிறேன், என்னுடைய பின்பக்கத்தில் ஒன்றையும் காணவில்லை என்று நினைத்து ஹெல்மெற்றுக்குள் சிரித்தார், சிரித்ததில் மூச்சுப் படர்ந்து கண்ணாடி பாதி மறைந்தது, பயந்து சிரிப்பை நிறுத்தினார், கண்ணாடி தெளிந்தது. எழுபத்தாறு வயது மனுசி. மருத்துவச்சியாக வேலை பார்த்தவள். இதிலேறி நோர்வேயின் தலைப்பக்கம் வரைக்கும் போயிருக்கிறாள், துருக்கிக்குப் போயிருக்கிறாள், தனியே. "இதை வாங்க வந்தவர்களில் நீங்கள் ஏழாவது ஆள்" என்றாள், "ஆறு பேரும் இதைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கத்தான் கேட்டார்கள். ஒருத்தர் தன்னுடைய வரவேற்பறையில் நிறுத்தப் போவதாகச் சொன்னார். நான் என்ன, பூச்சாடியா விற்கிறேன்?" பிறகு ஒரு காரியம் செய்தாள். புல்வெளிக்குத் தள்ளிக்கொண்டு போய், அவர் ஐயோ என்று கையை நீட்ட நீட்ட, வண்டியை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்துக் கீழே படுக்கவைத்தாள். "தூக்குங்கள்." முதல் தடவை முடியவில்லை, இரண்டாம் தடவை முழங்கால் கிறீச்சென்றது. "கையால் இல்லை. முதுகை வண்டிக்குக் கொடுங்கள். குந்துங்கள். காலால் பின்பக்கமாக நடங்கள், பிரசவத்தில் முக்குகிற மாதிரி." மூன்றாம் தடவை வண்டி எழுந்து நின்றது. "இனி விழுத்துவதற்குப் பயப்பட மாட்டீர்கள்" என்று வண்டியின் திறப்பைக் கையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "எங்கே போகப் போகிறீர்கள்?" அவர் "வீட்டுக்கு" என்றார். மனுசி சிரித்தாள். "அதற்கு பஸ் இருக்கிறதே."

அது பகிடி. பகிடி என்று தெரிந்தும் அந்தக் கேள்வி முள்ளுப்போலச் சட்டையில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. எங்கே போகப் போகிறீர்கள். போன வருடம், அறுபதாவது வயதில், இருபது வயதுப் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் இருந்து மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்குப் படித்தார், மழைக்குள் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடினார், ஒருமுறை தவறி மறுமுறை பாஸ் பண்ணினார். அத்தனைக்குள்ளும் எங்கே போகிறது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. சறோ இன்று காலையிலும் கேட்டாள், வேறு மாதிரிக் கேட்டாள். "முழங்கால் ரெண்டும் கிறீச்செண்டுது, அறுபத்தொரு வயசு, உங்களுக்கு இப்ப ஏனப்பா இது?" அவர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார், ஏனென்று சொன்னால் அதற்குப் பின்னால் உள்ளதையும் சொல்லவேண்டி வரும், அதற்குப் பின்னால் உள்ளதை முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லவில்லை. கிராமம் முடிந்தது. கோதுமை வயல், அதற்கப்பால் இருண்ட ஊசியிலைக் காடு, அதற்கு மேலே ஞாயிற்றுக்கிழமைக்கென்று கழுவி விரித்ததுபோல வானம். ரோட்டு இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. இடப்பக்கம் பள்ளத்தாக்கு ரோட்டு, அகலமானது, ஆற்றோடு போவது, நாற்பது வருடமாக அவர் காரிலும் பஸ்ஸிலும் போய் வருவது. வலப்பக்கம் மலைரோட்டு. இரண்டும் கடைசியில் அவருடைய ரவுணுக்குத்தான் போகும். இடப்பக்கம் போவதென்று வீட்டிலேயே தீர்மானித்திருந்தார், முதல் நாள், பாரமான வண்டி, வளைவு வேண்டாம். ஆனால் பார்த்தால் வலப்பக்கச் சிக்னல் மினுங்கிக்கொண்டிருந்தது. யார் போட்டது? பெருவிரல் போட்டிருந்தது. பின்னால் ஒரு கார் வந்துகொண்டிருந்தது, இனி மாற்றினால் அவனுக்குக் குழப்பம் என்று தனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு வலப்பக்கம் சரித்தார். வண்டி சரிந்தது. அவர் பயந்த அளவுக்கு இல்லை, பாரமெல்லாம் எங்கோ போய்விட்டது, நிற்கும்போது மாடுபோல இருந்தது ஓடும்போது தண்ணீர்போல வளைந்தது. அடுத்த வளைவையும் அப்படியே எடுத்தார், அதற்கடுத்ததையும். வாய் தானாக ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தது, என்ன பாட்டு என்று பிடிபடவில்லை.

பிடிபடாத மெட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம். இரண்டு சிலிண்டர் மாறி மாறி அடிக்கிற அடித்தொண்டைச் சத்தம், அவசரமில்லாத சத்தம், இதை அவர் முதன்முதல் கேட்டது முன்னாலிருந்து இல்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து. இதே ரோட்டில். எண்பத்தாறாம் ஆண்டு, ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது அவனுக்கு இருபத்துமூன்று வயது. அகதி விண்ணப்பம் போட்டவர்களை ஒரு பழைய கொஸ்ரல் விடுதியில் வைத்திருந்தார்கள், ஒரு அறைக்கு ஆறு பேர், எல்லோரிடமும் ஒரு மடித்த தாள் இருந்தது, அந்தத் தாளில் மாவட்டத்தின் பெயர் இருந்தது. அந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் முன்கூட்டி எழுதிக் கேட்டு அனுமதி எடுக்கவேண்டும், சாவீட்டுக்கும் கேட்கவேண்டும், கலியாண வீட்டுக்கும் கேட்கவேண்டும். கொழும்பிலிருந்து தந்தி வந்தது வெள்ளிக்கிழமை பின்னேரம், அனுமதி கொடுக்கிற கந்தோர் பூட்டிய பிறகு. சறோஜினி, அவனுக்கென்று பேசி வைத்திருந்த பெட்டை, பாஸ்போட் எடுக்கப் பெரியப்பாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை இங்கத்தைய நேரம் பன்னிரண்டு மணிக்குக் கோல் புக் பண்ணியிருக்கிறது, மரியதாஸ் வீட்டு இலக்கத்துக்கு. மரியதாஸ் அவனோடு ஒரே விமானத்தில் வந்து இறங்கியவன், அவனுக்குச் சீக்கிரம் அங்கீகாரம் கிடைத்து ஒரு பேக்கரிக்கு மேலே தனி அறையும் ரெலிபோனும் இருந்தது, ஆனால் அடுத்த மாவட்டத்தில். இந்த மலைக்கு அந்தப் பக்கத்தில், இருபது கிலோமீற்றரில். பஸ்ஸில் போனால் தாள் பார்ப்பார்கள் என்று தேவாலயத்துப் பாதிரியாரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு மலைரோட்டால் ஏறினான், ஒன்பது கிலோமீற்றர் ஏற்றம், நாக்குத் தள்ளியது, உச்சியில் மஞ்சள் பலகை, மாவட்டத்தின் பெயர், அதைத் தாண்டி இருநூறு யார் தூரம் போயிருக்கமாட்டான். மரநிழலில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். அவருக்குப் பக்கத்தில் பச்சையும் வெள்ளையுமாய் இதே வகை மோட்டார் சைக்கிள் நின்றது. "எங்கே போகிறாய்?" நீ என்று கேட்டார். அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களெல்லாம் ஒரேயடியாக ஓடிப்போய்விட்டன, "ரெலிபோன்" என்றான், "ரெலிபோன்", வேறொன்றும் வரவில்லை. பொலிஸ்காரர் கத்தவில்லை, கைவைக்கவில்லை, அலுப்போடு தாளை வாங்கி மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டி மேல் வைத்து எழுதத் தொடங்கினார், சட்டப்படி எழுதவேண்டியதை எழுதினார், அவ்வளவுதான். அந்த நேரத்தில்தான் அது நடந்தது. அவர் எழுத எழுத இவன் மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சிலிண்டர்களைப் பார்த்தான், சூடு ஆறும்போது அவை டிக், டிக் என்று முனகுவதைக் கேட்டான், சங்கிலியே இல்லாமல் பின்சில்லு எப்படிச் சுற்றுகிறது என்று தலையைச் சரித்துத் தேடினான், எவ்வளவு வடிவு என்று நினைத்தான். அங்கே ஒருத்தி ரெலிபோனுக்கு முன்னால் காத்துக்கொண்டு நிற்கிறாள், இங்கே தன்னைக் குற்றவாளியென்று எழுதுகிறார்கள், இவன் எவ்வளவு வடிவு என்று நினைத்துக்கொண்டு நின்றான்.

இதைத்தான் ஒருத்தருக்கும் சொல்ல முடியவில்லை. பிடிபட்டதைக்கூடச் சொல்லலாம், வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததை எப்படிச் சொல்வது. பொலிஸ்காரர் எழுதி முடித்துவிட்டு, திரும்பிப் போ என்று கையைக் காட்டினார், இவன் சைக்கிளைத் திருப்பினான், அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். ஒன்பது கிலோமீற்றர். சைக்கிள் முன்னால், அது பின்னால், குறைந்த கியரில், மனிதன் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூட. அந்தச் சத்தம் முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாய் ஏறியது, இவன் வெட்கத்தில் கூனிப்போயிருந்தான், அதோடு திரும்பிப் பார்க்கவும் விரும்பினான், ஒரே ஒருமுறை, அது வளைவில் எப்படிச் சரிகிறது என்று. திரும்பிப் பார்க்கவில்லை. கொஸ்ரல் வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. மரியதாஸ் பிறகு சொன்னான், ரெலிபோன் மூன்றுமுறை அடித்தது, மூன்று தரமும் நீ வரவில்லையென்றுதான் சொன்னனான் என்று. அவள் அங்கே மூன்று மணித்தியாலம் நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளுக்கு எழுதிய கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதினான். ஊருக்கு எழுதிய கடிதங்களில் அவன் தனி அறையில் இருந்தான், மொழி படித்துக்கொண்டிருந்தான், நினைத்த இடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தான், அப்படிப்பட்டவனைப் பிடித்துச் சைக்கிளோடு திருப்பி அனுப்பினார்கள் என்று எப்படி எழுதுவது. நாலு வருடம் கழித்து அவள் வந்து இறங்கினாள், கலியாணம் நடந்தது, இரண்டு பிள்ளைகள், அந்தப் பொய்யும் வீட்டுத் தளபாடம்போல ஒரு மூலையில் இருந்துவிட்டது. எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும், உப்புக் கூடியதில் தொடங்கினாலும், மகளின் பள்ளிக்கூடத்தில் தொடங்கினாலும், கடைசியில் அங்கே வந்து நிற்கும். "அண்டைக்கு நான் மூண்டு மணித்தியாலம் நிண்டனான். காய்ச்சல்காரனுக்கு ரெலிபோன் வரைக்கும் நடக்கேலாமல் போச்சுதாம்." அவர் பேசாமல் இருப்பார். பேசாமல் இருப்பதைக் குற்றம் என்று அவள் எடுத்துக்கொள்வாள். பள்ளத்தாக்கு ரோட்டால் எத்தனை ஆயிரம் முறை அந்த எல்லையைத் தாண்டியிருப்பார், வேலைக்கு, கடைக்கு, மரியதாஸின் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு, பிரஜாவுரிமை எடுத்து எத்தனை காலம், யார் தடுத்தது? ஆனால் இந்த மலைரோட்டுக்கு மட்டும் ஒருநாளும் திரும்பவில்லை, ஏனென்று சறோ ஒருமுறை கேட்டபோது வளைவு கூட, பெற்றோல் வீண் என்றார்.

ஊசியிலைக் காடு விலகியது. உச்சி வந்தது. பலகை நின்றது, புதுப் பலகை, மஞ்சள் பழைய மஞ்சள்தான், அதன் கம்பத்தில் யாரோ ஒட்டிய உதைபந்தாட்டக் கழகத்து ஸ்ரிக்கர். கியரை ஒன்று குறைத்தார். வந்தது, பக்கத்தில் வந்தது, தாண்டினார். ஒன்றுமில்லை. ஒரு விநாடிகூட இல்லை, கண்ணிமைக்கிற நேரம், ரோட்டின் தார் நிறம் கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான். ஏமாற்றமாக இருந்தது. முப்பத்தெட்டு வருடம் சுமந்த ஒன்றுக்கு இவ்வளவுதானா என்று கோபம்கூட வந்தது. பிறகுதான் விளங்கியது. அவர் உள்ளே வந்திருக்கிறார். மனுசியின் கிராமம் அடுத்த மாவட்டம், அங்கிருந்து தன்னுடைய மாவட்டத்துக்குள் திரும்பி வந்திருக்கிறார். உள்ளே வருவதை யார் தடுத்தார்கள், அன்றைக்கும் தடுக்கவில்லையே, பொலிஸே கூட்டிக்கொண்டு வந்து விட்டதே. வெளியே போகவேண்டும். அதற்குத் திருப்பவேண்டும். திருப்புவதா, இந்த வண்டியையா, இந்த ரோட்டிலா? லைசென்ஸில் ஒருமுறை தவறியது திருப்புவதில்தான். ஓடும்போது தண்ணீராக இருப்பது திருப்பும்போது மறுபடி மாடாகிவிடும். ரோட்டோரம் நடைபயணக்காரர் கார் விடுவதற்குச் சரளை போட்ட ஒரு இடம் இருந்தது, அதன் வாயில் கொஞ்சம் அகலம் கிடைக்கும். இரண்டு பக்கமும் பார்த்தார். பார்வையைப் போகவேண்டிய இடத்தில் வை, சில்லில் வைக்காதே என்று பயிற்சிக்காரன் காதுக்குள் கத்துவது கேட்டது. வண்டி திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது, ஒரு காலம் முழுக்கத் திரும்பியது, பிறகு நேரானது. பலகை முன்னால் வந்தது. வெளியே போனார். எஞ்சின் அடித்தொண்டையில் பேசியது, அவருக்குப் பின்னால் ஒருத்தரும் இல்லை, அந்தச் சத்தம் இப்போது அவருடைய தொடைக்குக் கீழே, அவர் முறுக்கினால் ஏறியது, விட்டால் இறங்கியது. "ஓ!" என்று கத்தினார். இருநூறு யார் தூரத்துக்கு அப்பால் அந்த மரநிழல் இருந்தது, மரம் இருந்ததா அல்லது வேறு மரமா, அங்கே திருப்பினார், உள்ளே வந்தார், சரளையில் திருப்பினார், வெளியே போனார். மூன்றாம் தரம் உள்ளே வரும்போது தாண்டுகிற இடத்தில் எழும்பி நின்றார். யாராவது பார்த்தால் விசர் என்பார்கள். விசர்தான். இருபத்துமூன்று வயதுக்காரன் ஒருவன் கூனல் நிமிர்ந்து பின்சீற்றில் ஏறிக்கொண்டான்போல இருந்தது, இன்னொருக்கா, இன்னொருக்கா என்று அவனே கேட்டான்.

நாலாம் தரம் சரளையில் விழுந்தார். முன்சில்லு வழுக்கியதுமே தெரிந்துவிட்டது, காலை ஊன்றினார், கால் வழுக்கியது, வண்டி அவசரமில்லாமல் இடப்பக்கம் படுத்துக்கொண்டது, சிலிண்டருக்கு முன்னால் வளைத்திருந்த இரும்புக் கம்பி நிலத்தைத் தாங்கியது, அவர் எட்டிப் பாய்ந்து நின்றார், எஞ்சின் ஒருமுறை விக்கி நின்றது. அமைதி. காட்டுக்குள் ஏதோ ஒரு குருவி. கையை உதறினார், முழங்காலைப் பார்த்தார், இரண்டும் இருந்தன. அப்போதுதான் நீலக் கோடு போட்ட கார் மெல்ல வந்து நின்றது. பொலிஸ். இரண்டு பேர், இருவரும் அவருடைய மகளைவிட இளையவர்கள், தாடி வைத்த ஒருவன் இறங்கி வந்தான். குகநேசனின் கை அவரைக் கேட்காமலே ஜக்கெற்றுக்குள் போய் லைசென்ஸையும் அடையாள அட்டையையும் எடுத்து நீட்டிக்கொண்டு நின்றது. "காயம் ஏதும் இருக்கிறதா உங்களுக்கு?" என்று கேட்டான் அவன். உங்களுக்கு என்றான். அவர் அட்டைகளை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினார். அவன் பார்த்தான், விளங்காமல் தலையை ஆட்டினான். "அது தேவையில்லை. வண்டியைத் தூக்க நாங்கள் உதவட்டுமா?" "இல்லை" என்றார் குகநேசன், தான் நினைத்ததைவிடச் சத்தமாக. "நான் தூக்குவேன்." அட்டைகளைப் பையில் வைத்தார், முதுகை வண்டிக்குக் கொடுத்தார், குந்தினார், கைப்பிடியில் ஒரு கை, சீற்றுக்குக் கீழே ஒரு கை, பிரசவத்தில் முக்குகிற மாதிரி, முழங்கால் கிறீச்சென்றது, கிறீச்சிடட்டும், காலால் பின்பக்கமாக நடந்தார், சரளை நெரிந்தது, வண்டி எழுந்தது. பொலிஸ்காரன் சீழ்க்கை அடித்தான். "எந்த வருடத்து வண்டி?" "எண்பத்தாறு." "நான் பிறப்பதற்கு முதல். அழகான வண்டி. எங்கே போகவேண்டும் உங்களுக்கு?" குகநேசன் பலகையைக் காட்டினார். "அந்தப் பக்கம்." "அந்தப் பக்கம் எங்கே?" "அந்தப் பக்கம்." அவன் பலகையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், அதில் ஏதோ இருக்கிறதென்று மட்டும் பிடிபட்டதுபோலச் சிரித்தான். கீழேயிருந்து ஒரு காரும் அதற்குப் பின்னால் ஒரு கரவன் வண்டியும் வந்துகொண்டிருந்தன. அவன் ரோட்டின் நடுவில் போய்க் கையை உயர்த்தி இரண்டையும் மறித்தான். மறித்துவிட்டு மற்றக் கையால், போங்கள், என்று காட்டினான். குகநேசனுக்காக ரோட்டு நின்றது. அவர் ஆறுதலாக, அந்த அகலம் முழுவதையும் எடுத்து, வண்டியைத் திருப்பினார், பலகையைத் தாண்டி மரநிழலில் நிறுத்தினார், ஸ்ராண்டைப் போட்டார், ஹெல்மெற்றைக் கழற்றினார். சிலிண்டர் இரண்டும் டிக், டிக் என்றன. ரெலிபோனை எடுத்தார்.

"எங்கை நிக்கிறியள்?" சறோ முதல் அடிப்பிலேயே எடுத்தாள். "ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? விழுந்திட்டியள்தானே?"

"விழுந்தனான்தான். ஒண்டும் நடக்கேல்லை. சறோ, மலைரோட்டிலை நிக்கிறன். உமக்கு ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோ. குழம்பு அடுப்பிலை."

"எண்பத்தாறிலை, நீர் கொழும்பிலையிருந்து கோல் எடுத்தண்டைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை."

மறுபக்கத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. அவர் சொன்னார். தந்தியிலிருந்து தொடங்கி, தாள், சைக்கிள், பலகை, பொலிஸ்காரர் நீ என்று கேட்டது, ரெலிபோன் ரெலிபோன் என்று தான் சொன்னது, ஒன்பது கிலோமீற்றர் முதுகில் சத்தம். நிறுத்தினால் முடியாதென்று தெரிந்து, நிறுத்தாமல், எவ்வளவு வடிவு என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றதையும் சொன்னார். "அதே மோட்டச்சைக்கிள்தான், நிறம் வேறை. அதுதான் வாங்கினனான்" என்று முடித்தார். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப" என்றாள் சறோ, "அவள் ஒருத்தியும் இல்லையோ?"

"எவள்?"

"அண்டைக்கு நீங்கள் போய் நிண்ட எவளோ ஒருத்தி. மரியதாஸ் அண்ணை தான் ஒரு பேக்கரிக்கு மேலை இருக்கிறன் எண்டு எழுதினவர். அந்தப் பேக்கரிக்காரி. நான் அவளுக்கு ஹெல்கா எண்டு பேரும் வச்சிருந்தனான். மஞ்சள் தலைமயிர். கன்னத்திலை மா."

"ஹெல்காவோ?"

"முப்பத்தெட்டு வருசம் அந்தப் பெட்டையைத் திட்டியிருக்கிறன். பாவம்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். அவளும் தொடங்கினாள், இரண்டு பேரும் இரண்டு முனையிலும் நிறுத்த முடியாமல் சிரித்தார்கள், ஒருத்தர் அடங்கினால் மற்றவர் ஹெல்கா என்பார், மறுபடி தொடங்கும். வியர்வையா கண்ணீரா என்று பார்க்காமல் அவர் கையுறையால் முகத்தைத் துடைத்தார். கடைசியில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"இப்ப மோட்டச்சைக்கிள் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது?"

"அந்தப் பக்கம்."

"மரியதாஸ் அண்ணை வீட்டை இன்னும் எவ்வளவு தூரம்?"

"பதினொரு கிலோமீற்றர்."

"அவையள் இன்னும் அந்தப் பழைய வீட்டு ரெலிபோனை வெட்டேல்லைத்தானே?"

"இல்லை. ஏன்?"

"அப்ப போங்கோ. சோறு ஆறினால் சூடாக்கலாம். பன்னிரண்டு மணிக்கு நான் அந்த நம்பருக்கு எடுப்பன். மரியதாஸ் அண்ணை எடுக்கப்படாது, பெண்சாதி எடுக்கப்படாது. நீங்கள் எடுக்கவேணும். விளங்கிச்சுதோ?"

"ஓம்" என்றார் குகநேசன். அவள் வைத்துவிட்டாள்.

ஹெல்மெற்றைப் போட்டார். நாடியில் பட்டியை இழுத்துப் பூட்டினார். வண்டியின் முன்கவசத்தில் இருந்த சிறிய மணிக்கூட்டில் பன்னிரண்டுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. ஸ்ராட் பண்ணினார், வண்டி வலப்பக்கம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது, கிளச் கையிலிருந்து தானாக இறங்கியது. முதலாவது வளைவில் காடு, இரண்டாவது வளைவில் வெயில், மூன்றாவது வளைவில் அவர் எதையும் நினைக்கவில்லை. பதினொரு கிலோமீற்றர். நேரம் தாராளமாகக் கிடந்தது.